கடைக் கணக்கு வருகிறது, நோட்டுக் கணக்கு ஏன் வரவில்லை?

சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கோழிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தன் மகனைக் கையோடு அழைத்து வந்தார். "ஹஜ்ரத், இவனுக்குப் படிப்பு ஏறல. எட்டாவது படிக்கிறான், கணக்குல பதினெட்டு மார்க். ஆனா கடையில நின்னா என்னைவிடக் கெட்டிக்காரன். பேசாம கடையிலயே உட்கார வெச்சிடலாம்னு பார்க்கிறேன்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தம்பி, கிலோ 240 ரூபாய். அறுநூற்று ஐம்பது கிராம் எவ்வளவு?" என்று கேட்டேன். "நூத்தி ஐம்பத்தாறு" என்றான், நான் கேட்டு வாய் மூடுவதற்குள். எப்படி என்றேன். அரைக்கிலோ 120, நூறு கிராம் 24, ஐம்பது கிராம் 12. அவ்வளவுதான். அதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் போடச் சொன்னேன். 240ஐ 650ஆல் பெருக்கி, 1,56,000 என்று எழுதி நீட்டினான். பெருக்கல் சரிதான். கிராமைக் கிலோவாக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும் என்பதுதான் விட்டுப்போயிருந்தது.

என்னை யோசிக்க வைத்தது அந்தத் தவறு அல்ல. கடையில் யாராவது முக்கால் கிலோ கூட இல்லாத கோழிக்கு ஒன்றரை லட்சம் கேட்டால் அவனே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். தாளில் எழுதியபோது அவனுக்கு அது உறைக்கவே இல்லை. தாளில் இருப்பது கோழி என்றே அவன் நினைக்கவில்லை.

இந்தப் பையன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் அதை நடத்தியவர்களில் உண்டு. வாடிக்கையாளர்போல் போய்ச் சரக்கு கேட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ என்று வேண்டுமென்றே ஏறுமாறான அளவுகள். மொத்தம் 37 ரூபாய். 200 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி 163. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இப்படிப்பட்ட கணக்குகளைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதே பிள்ளைகளிடம் இதைவிடச் சுலபமான கணக்கைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் வெறும் எண்களாகக் கொடுத்தபோது பலரால் போட முடியவில்லை.

நம்மில் பலர் இந்த இடத்தில் "பார்த்தீர்களா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லத் தயாராகிவிடுவோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். சந்தைப் பக்கமே போகாத, அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 471 பிள்ளைகளையும் அவர்கள் சோதித்தார்கள். அங்கே நிலைமை தலைகீழ். வெறும் எண் கணக்கை இவர்கள் நன்றாகப் போட்டார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விடை சொன்ன ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் 100க்கு ஒருவர்தான் சரியாகச் சொன்னார். இரண்டு பக்கமும் கையில் இருப்பதை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோக முடியாமல் நிற்கிறார்கள்.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1985இல், பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் இதே விஷயத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தெருவில் 100க்கு 98 சரி, எழுத்துக் கணக்கில் 100க்கு 37 சரி. அவர்களில் ஒரு சிறுவன் பத்துத் தேங்காயின் விலையைச் சொல்ல மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போனான். பத்தால் பெருக்க ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பது அங்கே அவன் நினைவுக்கே வரவில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானே எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டவன். மதரஸாவில் ஓதி முடித்து, பி.ஏ.வும் எழுதிவிட்டு வந்த புதிது. ஒரு மளிகைக் கடைக்காரர் மவ்த்தாகிவிட்டார். தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பாகம் பிரித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். 'ஸிராஜி' கிதாபு ஓதியவனுக்கு இது என்ன பெரிய காரியம்? மொத்தம் 120 பங்கு. மனைவிக்கு 15, தாய்க்கு 20, மகன்களுக்கு ஆளுக்கு 34, மகளுக்கு 17 என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். மனைவியின் அண்ணன், ஐந்தாவது வரை படித்தவர், மெதுவாகக் கேட்டார்: "சரி ஹஜ்ரத், எதை நூத்தி இருபதாப் பிரிக்கிறது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடையில் சரக்கு இருக்கிறது, கட்டட உரிமையாளரிடம் அட்வான்ஸ் இருக்கிறது, கடன் நோட்டு இருக்கிறது, மொத்தக் கடைக்காரருக்குத் தர வேண்டியது இருக்கிறது. கடனைக் கழித்த பிறகே பாகம் என்று எனக்குத் தெரியும். எது கடன், எது வரவு என்று கண்டுபிடிக்கத் தெரியாது. அவர்தான் நோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போனார்: இது வந்துவிடும், இது பாதி வரும், இந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டான், இதை எழுதாதீர்கள். எல்லாம் கழிந்து 18 லட்சம் நின்றது. ஒரு பங்கு 15,000 ரூபாய்.

ஆனால் அன்று வரை அந்த மனிதரின் எண்ணம் என்ன தெரியுமா? கடையை இரண்டு மகன்களும் எடுத்துக்கொள்வது, பாட்டிக்குச் சோறு போடுவது, மகளுக்குக் கல்யாணத்தின்போது பார்த்துக்கொள்வது. கெட்ட எண்ணம் இல்லை. ஊரில் கண்ணால் கண்டது அதுதான். கிதாபு அந்த வீட்டுக்குள் வராமல் போயிருந்தால் அந்தத் தாய்க்கு மூன்று லட்சமும், அந்தப் பெண்ணுக்கு இரண்டு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரமும் கிடைத்திருக்காது. பட்டறிவு, நடப்பு எதுவோ அதைத்தான் கற்றுத்தரும். நடப்பு தப்பாக இருந்தால் அது தப்பு என்று சொல்ல அதனால் முடியாது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் துணி வணிகர். கடைவீதிக்குப் போய்வந்துகொண்டிருந்த இளைஞரை இமாம் ஷஅபீ (ரஹ்) கண்டு, ஆலிம்களின் சபையில் உட்காரும்படி சொன்னதாக அவரது வரலாற்றில் வருகிறது. அவர் உட்கார்ந்தார், ஆனால் வியாபாரத்தை விட்டுவிடவில்லை. கொடுக்கல் வாங்கல் சட்டங்களில் அவரது பார்வை அத்தனை நுட்பமாக இருப்பதற்கு அந்தக் கடைவீதியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

நம் வீடுகளிலோ பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். "இவன் படிக்கிறவன்" என்று ஒருவனைப் பால் வாங்கக்கூட அனுப்புவதில்லை. அவன் கல்லூரி முடித்து வங்கியில் ஒரு சலானை நிரப்பத் தெரியாமல் நிற்கிறான். "இவன் பிழைச்சுக்குவான்" என்று இன்னொருவனைப் பாதியில் நிறுத்துகிறோம். அவன் வளைகுடாவுக்குப் போகும்போது ஏஜென்ட் நீட்டும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறான். சம்பளம் பேசியதில் பாதி என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் படிக்க முடியாத காகிதத்தின் முன் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்புங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 14 வயது ஆகாத பிள்ளை குடும்பத் தொழிலில்கூடப் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் மட்டும்தான் உதவலாம். அதுவும் ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கோழிக்கடையில் கத்தி இருக்கிறது, அதன் பக்கம் அவன் போகக் கூடாது என்று அந்தச் சகோதரரிடமும் சொன்னேன்.

கொல்கத்தா, டெல்லிப் பிள்ளைகள் வெறும் எண்களில் தடுமாறினாலும், அதே எண்களைப் பொருளோடும் பணத்தோடும் சேர்த்து வாயால் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். அதனால் அந்தப் பையனிடம், வாயால் சொன்னதை அப்படியே எழுது என்றேன். 120, அதன் கீழே 24, அதன் கீழே 12. கோடு போட்டுக் கூட்டினான். 156. பிறகு முதலில் எழுதிய 1,56,000ஐப் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இதுவும் அதே கோழிதான், கிராமை மட்டும் கிலோவாக்கு" என்றேன். சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று சைபரை அடித்துவிட்டுச் சிரித்தான். எட்டு வருடப் படிப்பில் இந்த இரண்டும் ஒரே கணக்கு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அவனுடைய அத்தா பள்ளியை விட்டு நிறுத்தவில்லை. இப்போது அவன் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கடைக்கு வருகிறான், கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்து அன்றைய கடன் நோட்டை எழுதுவதற்காக. அரைப் பரீட்சையில் கணக்கில் 41. எழுத்துப் பிழை நிறைய வருகிறது, போன வாரம் என் பெயரையே தப்பாக எழுதியிருந்தான். நோட்டில் என் பெயர் ஏன் இருக்கிறது என்று நீங்கள் கேட்கக் கூடாது.