பழைய பிரெஞ்சு மிதிவண்டி: அடையாளம், வயது, மறுவாழ்வு

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில், வரசித்தி விநாயகர் சந்நிதியில் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் மரபு இன்றும் உண்டு. ஆவணமும் சாட்சியும் இல்லாத இடத்தில் மனிதன் தன் வாக்கையே பிணையாக வைக்கிறான். பழம்பொருள்களை வாங்கும்போதும் விற்கும்போதும் இத்தகைய வாக்குகளையே நாம் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால், “தாத்தா காலத்துப் பிரெஞ்சு வண்டி” என்று ஒருவர் மிதிவண்டியைக் காட்டும்போது அவரிடம் சத்தியம் கேட்க வேண்டியதில்லை. அந்த வண்டியே சாட்சி சொல்லும். அதனிடம் கேட்கும் முறைதான் நமக்குத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் பிரெஞ்சு மிதிவண்டி அரிது. நம் தெருக்களை ஆண்டவை ஆங்கிலேய மரபில் வந்த வண்டிகள். ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகியவை முதலில் கப்பலேறி வந்தன. பின்னர் 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனிபத்தில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என உள்நாட்டு உற்பத்தி பெருகியது. ஆயினும் புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தவை. பிரான்சுடன் உறவும் ஓய்வூதியமும் கொண்ட குடும்பங்கள் அங்கே இன்றும் உள்ளன. ஆகவே ஒரு பிரெஞ்சு வண்டி கைமாறிக் கைமாறி வேலூர் வழியே சித்தூர் வரை வந்து சேர்ந்தாலும் அதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. நம் கடைகளில் பழகிய கை அந்த வண்டியைத் தொட்டால், நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பே அதைக் கெடுத்துவிடக்கூடும்.

பெயர் மட்டும் போதாது

முன்குழாயில் உள்ள தகடோ ஒட்டுப்படமோ முதல் தடயம். சிங்க முத்திரை கொண்ட பெஜோ நிறுவனம் 1882 முதல் மிதிவண்டி செய்துவந்தது. பாரிசை அடுத்த பாந்தேனில் மோட்டோபெகான், மேற்குப் பிரான்சில் ஜித்தான், சாந்தேத்தியேன் நகரில் மெர்சியே ஆகியவை பிற புகழ்பெற்ற பெயர்கள். எடி மெர்க்ஸ் 1966, 1967 ஆண்டுகளில் பெஜோ அணிக்காக ஓட்டினார். பெர்னார் இனோ 1978இல் தம் முதல் டூர் தெ பிரான்ஸ் வெற்றியை ஜித்தான் வண்டியில் பெற்றார். இத்தகைய வரலாறே இவ்வண்டிகளின் மதிப்பைக் கூட்டுகிறது. போலிப் படங்கள் ஒட்டப்படுவதற்கும் அதுவே காரணம்.

குழாயின் தரம் அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் ரேனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய ‘531’ எஃகுக் குழாயைப் பிரெஞ்சு நிறுவனங்களும் தம் உயர்ந்த பந்தய வண்டிகளுக்குப் பயன்படுத்தின. பெஜோவின் பி.எக்ஸ்.10 அவற்றுள் தலையாயது. ஆனால் ‘531’ என்ற ஒட்டுப்படம் புதிதாகவே விலைக்குக் கிடைக்கிறது. எனவே படத்தை நம்பாமல் அளவை நம்ப வேண்டும். இருக்கைத் தண்டை வெளியே எடுத்து வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். பிரெஞ்சு அளவில் செய்த 531 குழாயில் அது பெரும்பாலும் 26.4 மி.மீ. இருக்கும். அதைவிட நன்கு குறைந்த அளவு வந்தால் குழாய்ச் சுவர் தடித்தது என்று பொருள். அது சாதாரண எஃகாக இருக்கக்கூடும்.

மரை சொல்லும் உண்மை

பிரெஞ்சு வண்டியின் மெய்யான அடையாளம் கண்ணுக்குத் தெரியாத மரைகளில் இருக்கிறது. ஆங்கில மரபு அங்குலத்தைப் பின்பற்றியபோது பிரான்ஸ் மெட்ரிக் அளவைப் பின்பற்றியது. இரண்டுக்கும் வேற்றுமை மயிரிழைதான். அந்த மயிரிழையில்தான் பழுது நேர்கிறது.

பெடலை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு பெடலின் மரை 14 மி.மீ. குறுக்களவும் 1.25 மி.மீ. இடைவெளியும் கொண்டது. நம் கடைகளில் கிடைக்கும் பெடலோ 9/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 14.3 மி.மீ. புதிய பெடலைப் பழைய பிரெஞ்சு கிராங்கில் வைத்து முறுக்கினால் முதல் இரண்டு சுற்று ஏறும். பிறகு இறுகும். “கொஞ்சம் பலம் கொடுத்தால் ஏறிவிடும்” என்று ஸ்பானரை அழுத்தினால் அலுமினிய கிராங்கின் மரை சிதைந்துபோகும்.

கிராங்க் அச்சு ஓடும் குழாயில் இன்னொரு பொறி உண்டு. ஆங்கில முறையில் செயின் பக்கத்துக் கப் இடமரை கொண்டது. அதைக் கழற்ற வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நம் மெக்கானிக்குகளின் கை இதற்கே பழகியது. பழைய பிரெஞ்சு முறையில் 35 மி.மீ. குறுக்களவில் இரு பக்கமும் வலமரைதான். ஆகவே வழக்கப்படி சுற்றினால் கப் கழலாது. மேலும் மேலும் இறுகும். போதாக்குறைக்கு, மோட்டோபெகான் உள்ளிட்ட சில நிறுவனங்கள் 1970களில் சுவிஸ் மரையைப் பயன்படுத்தின. அது பிரெஞ்சு அளவிலேயே அமைந்தது. செயின் பக்கம் மட்டும் இடமரை. எனவே எதிர்ப்பக்கக் கப்பை முதலில் கழற்றி, உள்ளிருந்து விளக்கொளியில் செயின் பக்க மரையின் சாய்வைப் பார்த்துத் திசையை உறுதி செய்த பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

ஹேண்டில்பார்த் தண்டும் அப்படியே. பிரெஞ்சு அளவு 22.0 மி.மீ.; ஆங்கில அளவு 22.2 மி.மீ. சுத்தியலால் தட்டி ஏற்றிய தண்டு, போர்க்கின் குழாயை உள்ளிருந்து பிதுக்கும். அது ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட இடம் என்பதை மறக்கலாகாது. 1980களில் பிரெஞ்சு நிறுவனங்கள் பொது அளவுக்கு மாறின. எனவே இந்த மெட்ரிக் அளவுகள் இருப்பதே வண்டி அதற்கு முந்தையது என்பதற்கு ஒரு சான்றாகும்.

வயதை இரு கரைகளுக்குள் அடைத்தல்

சட்டகத்தின் அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று பலர் கருதுகின்றனர். ஒரே நிறுவனமே எண் முறையைக் காலத்துக்குக் காலம் மாற்றியதுண்டு. எனவே எண்ணை மட்டும் நம்பலாகாது. ‘இதற்கு முந்தையதன்று’, ‘இதற்குப் பிந்தையதன்று’ என்ற இரு கரைகளை வகுத்து, அவற்றுக்கிடையே வயதைத் தேடுவதே நம்பத்தக்க முறை.

முதற்கரையைப் பாகங்கள் தரும். வண்டியோடு பிறந்த பாகங்களுள் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன் அவ்வண்டி தோன்றியிருக்க முடியாது. ஆனால் எல்லாப் பாகமும் நல்ல சாட்சியல்ல. ஸ்ட்ராங்லைட் 49டி என்ற கிராங்க் 1930களில் தோன்றிப் பல பத்தாண்டுகள் மாறாமல் விற்பனையானது. மஃபாக் ரேசர் பிரேக்கும் 1950களிலிருந்து நெடுங்காலம் இருந்தது. நீண்ட ஆயுள் கொண்ட இத்தகைய பாகங்கள் வயதைச் சொல்லா. குறுகிய காலம் இருந்து மறைந்தவையும் காலத்தோடு வடிவம் மாறியவையுமே சொல்லும். கியர் மாற்றி அத்தகையது. டூர் தெ பிரான்ஸ் போட்டியில் கியர் மாற்றி 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கியர் மாற்றி 1960களின் தொடக்கத்தில் வந்தது. பின்சக்கரப் பல்சக்கரங்களின் எண்ணிக்கையும் நான்கு, ஐந்து, ஆறு எனக் காலப்போக்கில் ஏறியது.

பாகத்தைக் கழற்றி மாற்றலாம். சட்டகத்தை மாற்ற முடியாது. ஆகவே சட்டகத்தில் பற்றவைத்த நுணுக்கங்களுக்கே சாட்சியத்தில் முதலிடம். கேபிள் தாங்கிகள் குழாயில் பற்றவைக்கப்பட்டுள்ளனவா, பட்டையால் பூட்டப்பட்டுள்ளனவா, பின்சக்கர அச்சுப் பிடியில் கியர் மாற்றிக்கான காது உண்டா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுகரையை நம் ஊரே தரக்கூடும். நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு வரி விதித்து, ஊர்ப் பெயரும் ஆண்டும் பொறித்த உலோக வில்லையை வழங்கிய காலம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிரான்சிலும் 1893 முதல் மிதிவண்டி வரி இருந்தது. அங்கும் ஆண்டு பொறித்த தகடுகள் உண்டு. பழைய ரசீது, பின்புறம் தேதி எழுதிய குடும்பப் புகைப்படம், அரசு ஊழியர் பெற்ற சைக்கிள் முன்பணக் கடிதம் ஆகியவையும் சான்றுகளே.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியில் அதன் பிறவிப் பாகமான சிம்ப்ளெக்ஸ் பிளாஸ்டிக் கியர் மாற்றி இருக்கிறது. முன்புறம் 1971ஆம் ஆண்டு வில்லை பூட்டப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். வண்டி 1960களின் தொடக்கத்துக்கு முந்தையதன்று. வில்லை அந்த வண்டிக்கே உரியதாயின் 1971க்குப் பிந்தையதுமன்று. “1945 மாடல்” என்ற விற்பவரின் கூற்று அங்கேயே விழுந்துவிடுகிறது.

தொடுமுன் எண்ணுக

மறுசீரமைப்பு என்றதும் பலர் முதலில் பெயின்ட் கடைக்குச் செல்கின்றனர். அதைக் கடைசிக்கு ஒத்திப்போடுமாறு நாம் பரிந்துரைக்கிறோம். மங்கினாலும் பழைய வண்ணமும் ஒட்டுப்படமும் சான்றுகள். மணல் வீச்சில் அவை ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாரா. மெல்லிய குழாயின் சுவரும் அதில் தேயக்கூடும்.

முதலில் எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுங்கள். பிறகு சட்டகம் நேராக உள்ளதா என்று பாருங்கள். இதற்கு ஒரு நூல் போதும். பின்அச்சுப் பிடி ஒன்றில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிடிக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தொலைவு இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்குழாயை ஒட்டிய குழாய்களின் அடியில் வண்ணம் சுருங்கி மடிந்திருந்தால், வண்டி எதிலோ மோதியிருக்கிறது என்று அறியலாம். விரிசல் கண்டால் தெருமுனை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இக்குழாய்கள் பித்தளை போன்ற உலோகத்தைக் குறைந்த வெப்பத்தில் உருக்கி இணைக்கப்பட்டவை. மின்வெல்டிங்கின் வெப்பம் அவற்றின் வலிமையைக் கெடுக்கும்.

இறுகிப்போன இருக்கைத் தண்டுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டுச் சில நாட்கள் பொறுத்திருங்கள். அவசரம் இங்கே விலை மிகுந்தது. பேரிங் குண்டுகளைக் கழற்றும்போது எண்ணி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, குழியும் கீறலும் இல்லாத கப்பில் புதிய குண்டுகளும் கிரீசும் இடுங்கள். குரோம் மேலுள்ள மெல்லிய துருவை நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தாலே போதும். பழைய பிளாஸ்டிக் கியர் மாற்றியில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பிரேக் கேபிளும் பிரேக் கட்டையும் எப்படித் தோன்றினாலும் மாற்றியே ஆக வேண்டியவை.

டயர் வாங்கும்போதும் விழிப்பு தேவை. நம் சாதாரண 28 அங்குல வண்டியின் ரிம், டயர் அமரும் இடத்தில் 635 மி.மீ. பிரெஞ்சுப் பந்தய வண்டியின் 700சி ரிம் 622 மி.மீ. இரண்டையும் கடையில் ‘28’ என்றே சொல்வதுண்டு. ஒன்று மற்றதில் பொருந்தாது. நல்வாய்ப்பாக, இன்றைய ஹைபிரிட் வண்டிகள் 622 அளவையே பயன்படுத்துவதால் அந்த டயர் நம் ஊரிலும் கிடைக்கிறது. அகலத்தை மட்டும் சட்டகத்துக்கும் ரிமுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கும் கையெழுத்தும்

பழைய வண்டியை வைப்புத்தொகையைப் போல் எண்ணலாகாது. அதற்கு உறுதியான வட்டியும் இல்லை. நினைத்தபோது பணமாகும் என்ற உறுதியும் இல்லை. பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்புச் செலவும் சுங்க வரியும் சேர்ந்து பாகத்தின் விலையை மிஞ்சக்கூடும். எனவே கழற்றுவதற்கு முன்பே, கிடைக்காத பாகங்களின் பட்டியலையும் மதிப்பீட்டையும் எழுதிக்கொள்வது நலம். வாங்கும்போது சட்டக எண், விலை, தேதி ஆகியவற்றோடு விற்பவரின் கையொப்பமிட்ட ரசீதைப் பெறுங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியே செலுத்தினால் அதுவும் ஓர் ஆவணமாக நிற்கும்.

கழற்றிய பழைய பாகங்களை எறியாதீர்கள். பெயர் எழுதிய பையில் இட்டு வையுங்கள். எதை மாற்றினீர்கள், எதை விட்டுவைத்தீர்கள், எந்த மரைக்கு எந்த அளவு என்பவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் பதியுங்கள். பின்னாளில் நீங்களே விற்க நேர்ந்தால் “இது மறுவண்ணம் பூசியது, இந்தப் பெடல் புதியது” என்று தயங்காமல் சொல்ல அந்தக் குறிப்பேடு துணை நிற்கும். அடுத்து அதைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், ஸ்பானரை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதையும் அதைப் பார்த்தே அறிந்துகொள்வார்.