கடல் தாண்டும் காசு – 9: கடைசி ஒரு மைல்

புதுச்சேரி பாரதி பூங்காவுக்கு அருகில் யூகோ வங்கி இயங்கும் பழைய கட்டடம் ஒரு காலத்தில் இந்தோசீன வங்கியாக இருந்தது. 1875-ல் பிரெஞ்சு அரசு அந்த வங்கிக்கு உரிமம் கொடுத்தபோதே, கொச்சின்சீனாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தது. சைகோனில் பியாஸ்தர் நோட்டு வெளியிட்ட அதே வங்கிதான் புதுச்சேரிக்கு ரூபாய் நோட்டும் வெளியிட்டது. நம்மூரிலிருந்து போய் சைகோன் சுங்கத்திலும் போலீசிலும் பட்டாளத்திலும் வேலை பார்த்தவர்கள் ஏராளம். அவர்கள் குடும்பத்துக்கு அனுப்பிய வங்கிச் சீட்டு கப்பலேறித்தான் வரவேண்டும். காற்றும் மழையும் எத்தனை நாள் என்று சொல்கிறதோ அத்தனை நாள்.

அவசரமென்றால் தந்தி. 1870-ல் சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபின், கப்பலுக்குக் காத்திருக்காமல் பணம் மாற்ற வழி பிறந்தது. லண்டனில் இந்தியா கவுன்சில் இரண்டு சரக்கையும் விற்றது: தபாலில் போகும் உண்டியல் ஒரு விலை, தந்தி மாற்று அதைவிடச் சற்றுக் கூடுதல். இடையில் மிச்சமாகும் நாட்களின் வட்டிதான் அந்த வித்தியாசம். இன்று விளம்பரங்களில் ‘கட்டணமே இல்லை’ என்று சொல்லிவிட்டு, மாற்று விகிதத்தில் கை வைக்கிறவர்களோடு ஒப்பிட்டால் அந்தக் காலத்து வியாபாரம் யோக்கியமானது.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். சார்செல் போன்ற பாரீஸ் புறநகரில் இருக்கும் மகன் குருசுக்குப்பத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் போடுகிறான். வங்கி வழியே போட்டால் அது ஸ்விஃப்ட். 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய இந்த அமைப்பு பணத்தைக் கொண்டுபோவதில்லை. ‘இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வை’ என்ற செய்தியை மட்டும் கொண்டுபோகிறது. நம்மூர் வங்கி ஐரோப்பாவில் ஏதாவதொரு வங்கியில் யூரோ கணக்கு வைத்திருக்கும். நாஸ்ட்ரோ என்பார்கள். அங்கே யூரோ வரவானதும் இங்கே ரூபாய் கொடுக்க வேண்டும். நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் இன்னொரு வங்கி புகுந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

செய்தி வருவதில் தாமதமில்லை. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் ஆய்வொன்று 2022-ல் ஸ்விஃப்ட் தரவுகளை அலசியது. பாதிக்கு மேற்பட்ட பணப் பரிமாற்றங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருந்தன. ஆனால் சில தடங்களில் இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அந்த நேரம் போனது பெரும்பாலும் பணம் பெறும் வங்கியில்தான். அதாவது கடலைத் தாண்டிவிட்ட பணம் கரையில் உட்கார்ந்துவிடுகிறது.

ஏன் என்று கேட்டால் காரணங்கள் சில்லறையானவை. பிரான்சுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அங்கே வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து அனுப்பினால் இங்கே இரவு ஒன்பது தாண்டிவிடும். அடுத்த நாள் இரண்டாம் சனியோ நான்காம் சனியோ என்றால் திங்கள் வரை யாரும் தொடமாட்டார்கள். ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர நாள், பிரான்சில் மாதா விண்ணேற்பு விடுமுறை. மறுநாள் 16-ம் தேதி, 1962-ல் சட்டப்படியான அதிகார மாற்றம் நடந்த நாள் என்று புதுச்சேரி அரசு விடுமுறை. அந்த வாரத்தில் பணம் அனுப்புகிறவர் முன்கூட்டியே அனுப்புவது நல்லது.

பர்பஸ் கோட் என்று ஒன்று இருக்கிறது. குடும்பச் செலவுக்கென்றால் ஒரு எண், வேறு காரணத்துக்கு வேறு எண். அது சரியில்லை என்றால் கிளையிலிருந்து போன் வரும்; போனை எடுக்காவிட்டால் பணம் அங்கேயே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டுக் கணக்கின் வரவை நாள் முடிவில் ஒரே தடவை சரிபார்க்கும் பழக்கம். இதைக் கைவிட்டு, உடனுக்குடன் சரிபார்த்து அன்றே வரவு வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் ஒரு வரைவு வெளியிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

வைஸ் போன்ற செயலிகள் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகின்றன. யூரோவை ஐரோப்பாவிலேயே வாங்கிக்கொண்டு, இந்தியாவில் கூட்டாளி வங்கி மூலம் ரூபாயைக் கொடுக்கின்றன. கடைசிக் கட்டம் பெரும்பாலும் ஐஎம்பிஎஸ் வழியே. 2010-லிருந்து இருக்கும் அந்தச் சேவைக்கு ஞாயிறும் இல்லை, இரவும் இல்லை. முதல் தடவை அடையாளச் சரிபார்ப்பில் நேரம் போகும். பழகிவிட்டால் சில நிமிடம்தான். மாதாமாதம் அனுப்புகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் உடனே கட்ட வேண்டும், வங்கிக் கணக்கும் கைவசம் இல்லை என்றால் வெஸ்டர்ன் யூனியன். அனுப்பியவர் தந்த எண்ணைச் சொல்லி, ஆதாரைக் காட்டினால் நிமிடங்களில் ரொக்கம். ஆனால் ஒரு தடவைக்கு 2,500 டாலர்தான் வரம்பு. ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள், மிச்சம் காசோலையாகவோ கணக்கிலோ. ஒருவருக்கு வருடத்துக்கு 30 தடவைக்கு மேல் கிடையாது. வீடு வாங்க இந்த வழியில் அனுப்பக் கூடாது என்பது விதி. அதற்கு மெதுவான ஸ்விஃப்ட்தான். பத்திரப் பதிவுக்கும் வருமான வரிக்கும் கேட்டால் காட்டத் தாள் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் விட வேகமானது ஒன்று உண்டு: போனில் ஒரு வார்த்தை, வாசலில் ஒரு ஆள், கையில் ரூபாய். ஹவாலா சட்டவிரோதம், ஏமாந்தால் புகார் கொடுக்கவும் வழியில்லை. இருந்தும் அது சாகாமல் இருப்பதற்கு வங்கிகளின் ‘மூணு வேலை நாள் ஆகும் சார்’ ஒரு முக்கியக் காரணம்.

சிங்கப்பூரில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்குத்தான் யோகம். 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐயும் அங்குள்ள பேநவ்வும் இணைந்துவிட்டன. யுபிஐ முகவரி போதும், நொடிகளில் வந்துவிடும்; நாளொன்றுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வரை. பிரான்சில் 2024-ல் ஈஃபிள் கோபுர டிக்கெட்டுக்கு யுபிஐ வந்தபோது புதுச்சேரியில் பலர் ஆசையாகக் கேட்டார்கள். அது இங்கிருந்து போகிறவர் செலவழிக்கத்தான். அங்கிருந்து அனுப்ப அல்ல. யூரோ நாடுகளுக்குள் பத்து நொடியில் பணம் போகிறது. அந்த ஏற்பாட்டையும் யுபிஐயையும் இணைக்கும் வேலையில் இறங்குவதாக ஐரோப்பிய மத்திய வங்கியும் ரிசர்வ் வங்கியும் 2025 நவம்பரில் அறிவித்தன.

அது வந்தாலும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த நம்மூர் சொல்தாக்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் பெரிய மாற்றமிருக்காது. அவர்களுடைய பிரெஞ்சு ஓய்வூதியம் நிற்பது வங்கியில் அல்ல, உயிரோடு இருப்பதாக வருடாவருடம் அனுப்ப வேண்டிய சான்றிதழில். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)