'பசுமை வளாகம்' ரேங்க் வாங்கினால் அந்தப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே பசுமையானதா? மார்க் போடுவது எப்படி?

அட்மிஷன் சீசன் வந்தாலே, 'உலகத் தரவரிசையில் இடம்பிடித்த பசுமை வளாகம்' என்ற வரியைக் கல்லூரி விளம்பரங்களில் பார்க்கலாம். ரேங்க் முன்னேறிவிட்டால், அங்கே கரன்ட், தண்ணீர் செலவும் குப்பையும் குறைந்துவிட்டது என்று அர்த்தமா? அவசியம் இல்லை.

ரேங்க் போடுவது யார்?

மூன்று பட்டியல்கள் பிரபலம். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கியது 'யுஐ கிரீன்மெட்ரிக்'. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளை வைத்து 'டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்' 2019-ல் 'இம்பாக்ட்' பட்டியலைக் கொண்டுவந்தது. 2022-ல் கியூஎஸ் நிறுவனமும் களமிறங்கியது.

மார்க் எப்படி விழுகிறது?

கிரீன்மெட்ரிக் பல ஆண்டுகள் கடைப்பிடித்த முறைப்படி, எரிசக்தி மற்றும் பருவநிலைக்கு 21%, கழிவு, போக்குவரத்து, கல்வி-ஆராய்ச்சி ஆகியவற்றுக்குத் தலா 18%, வளாக அமைப்புக்கு 15%, தண்ணீருக்கு 10%. திறந்தவெளியும் மரங்களும் அதிகம் இருந்தால் கூடுதல் மார்க். அதனால், நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் வளாகத்துக்கு லாபம். நகரத்துக்குள் நெருக்கடியில் இருக்கும் கல்லூரிக்குச் சிக்கல்.

இம்பாக்ட் பட்டியலின் கணக்கு வேறு. 'கூட்டு முயற்சி' என்ற 17-வது இலக்கு கட்டாயம், அதற்கு 22%. மற்ற இலக்குகளில் எந்த மூன்றில் அதிக மார்க் வருகிறதோ, அவற்றுக்குத் தலா 26%. அதாவது, பருவநிலை இலக்கில் ஒரு பல்கலைக்கழகம் சொதப்பினாலும், சுகாதாரம், கல்வி, பாலின சமத்துவத்தில் அசத்தினால் மொத்தப் பட்டியலில் மேலே வரலாம்!

கியூஎஸ் 2024 பதிப்பில் சுற்றுச்சூழலுக்கு 45%தான். சமூகத் தாக்கத்துக்கு 45%, நிர்வாகத்துக்கு 10%.

எங்கே இடிக்கிறது?

கிரீன்மெட்ரிக், இம்பாக்ட் இரண்டிலும் பெரும்பாலான தகவல்களைக் கொடுப்பது பல்கலைக்கழகமே. ஆதாரம் கேட்பார்கள்; ஆனால் ஒவ்வொரு வளாகத்துக்கும் நேரில் போய் மீட்டர் பார்ப்பதில்லை. விண்ணப்பிக்காத பல்கலைக்கழகம் பட்டியலிலேயே வராது. கொள்கை அறிக்கை வெளியிட்டாலும், ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் மார்க் உண்டு. எனவே நன்றாகச் செய்பவரை விட, செய்ததை நன்றாக ஆவணப்படுத்துபவர் முந்திவிட வாய்ப்பு இருக்கிறது.

அப்போ ரேங்க் வேஸ்ட்டா?

இல்லை. கலந்துகொள்ள வேண்டுமென்றால் மின்சாரம், கழிவு, வாகனம் என எல்லாவற்றையும் கணக்கெடுத்தாக வேண்டும். கணக்கே இல்லாமல் எதையும் குறைக்க முடியாது.

மாணவர்கள் என்ன கேட்கலாம்?

- ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம்? ஐந்து ஆண்டுகளில் குறைந்ததா?
- கழிவுநீரில் எவ்வளவு சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள்?
- எவ்வளவு குப்பை கிடங்குக்குப் போகிறது?
- இந்த எண்களை வெளியாட்கள் யாராவது சரிபார்த்தார்களா?
- ரேங்க் மொத்தப் பட்டியலிலா, ஒரே ஒரு பிரிவிலா?

இவற்றுக்கு எண்களோடு பதில் சொல்லும் கல்லூரி என்றால் விளம்பரத்தை நம்பலாம். ரேங்க்கை மட்டும் காட்டினால், கொஞ்சம் யோசிங்க!