வேன் பெட்டரியில் வீட்டுக் கரண்டு



2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டு வெட்டியது ஞாபகம் இருக்கும். எங்கள் அம்மாவுக்கு வீசிங். மூச்சு இழுக்கும்போது நெபுலைசர் மெஷினில் மருந்து பிடிக்க வேண்டும். கரண்டு இல்லாவிட்டால் மெஷின் ஓடாது. வேன் ஓட்டும் அண்ணன் மகன் கொழும்புக்கு ஹயர் போன இடத்தில் 300 வொட் இன்வர்ட்டர் ஒன்றை வாங்கி வந்தான். "சித்தப்பா, இனி அப்பாயிக்குப் பயமில்ல. வேன் பெட்டரியிலேயே மெஷின் ஓடும்" என்றான்.

ஓடத்தான் செய்தது, மூன்று நிமிஷம். சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகியிருந்தான். அதன் பியூஸ் போய்விட்டது. பையன் என்ன செய்தான் தெரியுமா? சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுற்றி பியூஸ் இருந்த இடத்தில் வைத்தான். அடுத்த இரவு டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருக்கிறார், நாங்கள் வேனுக்கு மண் வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வேனும் தப்பியது, அம்மாவும் தப்பினார். தோட்டங்களில் இப்போது வேனும் முச்சக்கரவண்டியும் பெருகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இன்வர்ட்டர் கரண்டை உண்டாக்குவதில்லை. பெட்டரியின் 12 வோல்ட்டை எடுத்து வீட்டுக்கு வருகிற மாதிரி 230 வோல்ட்டாக மாற்றுகிறது, அவ்வளவுதான். வோல்ட் ஏற வேண்டுமென்றால் பெட்டரிப் பக்கம் அம்பியர் அதற்கேற்பக் கூட வேண்டும். இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: சாமானில் எழுதியிருக்கும் வொட்டைப் பத்தால் பிரியுங்கள். வீணாகிறதும் சேர்த்து, பெட்டரியிலிருந்து போகும் அம்பியர் கிட்டத்தட்ட அதுதான். அம்மாவின் மெஷின் 150 வொட். அப்படியென்றால் 15 அம்பியர். லைட்டர் துவாரத்துக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர் பியூஸ்தான் போட்டிருப்பார்கள். மோட்டர் கிளம்பும் நேரம் இன்னும் கொஞ்சம் கூட இழுக்கும். பியூஸ் போனது நியாயம். வெள்ளித்தாள் வைத்ததுதான் அநியாயம், ஏனென்றால் பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும்.

"12 வோல்ட்தானே, கையை வைச்சாக்கூட ஒண்ணும் செய்யாது" என்று சொல்லுகிற தம்பிமார் உண்டு. சொக் அடிக்காது என்பது சரி. ஆனால் பெட்டரியின் பிளஸ் வயர் பொடியில் உரசினால் நூற்றுக்கணக்கான அம்பியர் ஒரே நேரத்தில் பாயும். ஸ்பேனர் கூடச் சிவந்துபோகும்.

ஆகவே 100 வொட்டுக்கு மேல் போவதென்றால் லைட்டர் துவாரத்தை மறந்துவிடுங்கள். இன்வர்ட்டரைப் பெட்டரியோடு நேரடியாகத் தொடுக்க வேண்டும். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் பக்கத்தில் பியூஸ் போட்டுவிட்டு, பெட்டரியிலிருந்து அதுவரை வரும் வயரை வெறுமனே விட்டால் அந்த வயருக்குக் காவல் யார்? 300 வொட்டுக்கு 40 அம்பியர் பியூஸும், 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரும் பொருந்தும். ஒன்றரை மீற்றருக்கு மேல் இழுப்பதானால் 10 போடுங்கள். மெல்லிய வயரில் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். பெட்டரி நன்றாக இருக்கும்போதே இன்வர்ட்டர் கீ கீ என்று கத்தும், நாம் பெட்டரியைத் திட்டுவோம். இரும்புத் தகட்டுக்குள்ளால் வயர் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், நம்முடைய குழி வழிப் பாதையில் ஆறு மாசத்தில் உறை தேய்ந்துவிடும்.

வேலை தொடங்கும்போது முதலில் மைனஸைக் கழற்றுங்கள், முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். இன்வர்ட்டரை என்ஜின் பக்கமோ பெட்டரிக்கு மேலேயோ வைக்கக் கூடாது. பெட்டரியிலிருந்து வரும் வாயு ஒரு பொறியில் பற்றக்கூடியது. காற்றுப் படுகிற, தண்ணீர் படாத இடம் பார்க்கவும்.

வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். கொழும்பில் மருதானை ஸ்டேஷனில் இறங்கி பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள்தான். புதியதும் இருக்கும், பாவித்ததும் இருக்கும். விலை பேசத் தெரிந்தவர் பிழைப்பார். பெட்டியில் 1000 என்று பெரிதாக எழுதியிருந்தால் மயங்காதீர்கள். பல இன்வர்ட்டர்களில் அது ஒரு நொடிக்குத் தாங்கும் அளவு. தொடர்ந்து எத்தனை வொட் தரும் என்று கேளுங்கள். மோட்டர் உள்ள சாமானுக்கும் வைத்திய மெஷினுக்கும் 'பியூர் சைன் வேவ்' வகைதான் நல்லது. மலிவான மற்ற வகையில் மோட்டர் இரைந்து சூடேறும். லொறி, பஸ் பலவற்றில் இருப்பது 24 வோல்ட். அதில் 12 வோல்ட் இன்வர்ட்டரை மாட்டினால் அன்றைக்கே போயிற்று. கேத்தலைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். 1500 வொட் கேத்தலுக்கு 150 அம்பியர். போன் சார்ஜ் பண்ணவோ இன்வர்ட்டரே தேவையில்லை. 12 வோல்ட்டில் செருகும் சின்ன சார்ஜர் போதும்.

வாகன பெட்டரி ஸ்டார்ட் பண்ணுவதற்குச் செய்யப்பட்டது. அடிக்கடி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் சாகும். மெஷினில் கால் மணித்தியாலம் மருந்து பிடித்தால் 4 அம்பியர்-மணி கூடப் போகாது, 45 அம்பியர்-மணி பெட்டரிக்கு அது பொருட்டல்ல. 60 வொட் டீவியில் மூன்று மணித்தியாலம் படம் பார்த்தால் 18 போய்விடும். பழைய பெட்டரியென்றால் விடிய வேன் கிளம்பாது. இன்வர்ட்டர் தானாக நிற்கிறது 10.5 வோல்ட் அளவில்தான், அதற்குள் ஸ்டார்ட்டர் படுத்துவிடும். முச்சக்கரவண்டி பெட்டரி இன்னும் சின்னது. அதற்காக ஷெட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு என்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத நஞ்சு இருக்கிறது. லயத்துக் காம்பராவுக்குள் அது நுழைந்தால் தூக்கத்திலேயே ஆள் முடிந்துவிடும்.

வெளியே வருகிற 230 வோல்ட் வீட்டுக் கரண்டைப் போலவே கொல்லும். வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் இதற்குக் காவல் இல்லை. ஈரக் கை கூடாது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வர்ட்டரிலிருந்து சுவர் பிளக்குக்குக் கரண்டு கொடுக்கிற கெட்டித்தனமும் வேண்டாம். அது வெளி லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவரை அடிக்கும். கரண்டு திரும்ப வந்தால் இன்வர்ட்டரும் வெடிக்கும்.

பிறகு ஹட்டனில் ஒரு ஒட்டோ எலெக்ட்ரீஷியனைக் கொண்டு எல்லாவற்றையும் சரியாகப் போட்டோம். இப்போது பையன் வேனில் 40 அம்பியர் பியூஸ் நான்கைச் சின்ன டப்பாவில் போட்டு, டோர்ச்சோடு சேர்த்து சீட்டுக்கடியில் வைத்திருக்கிறான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டதல்லவா, அன்றைக்கும் அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து மருந்து பிடித்தார்.