யார் பார்த்தது, யார் சொன்னது?

எடுத்துரைப்பியல் கலைச்சொற்கள் சிறுபத்திரிகைகளில் புழங்கத் தொடங்கி வெகுநாளாயிற்று. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது 1982இல். இன்னமும் 'இதெல்லாம் பாரிஸ் சரக்கு, நமக்கெதுக்கு' என்பவர்கள் உண்டு. சரக்கு எங்கிருந்து வந்தால் என்ன, நம் பிரதியில் அது எதைக் காட்டுது என்பதே கேள்வி.

காரைக்குடியை அடுத்த கோவிலூர் வேதாந்த மடத்தின் பாடநூல்களில் ஒன்று ஞானவாசிட்டம். வடமொழி யோகவாசிட்டத்தின் வழி ஆளவந்தார் தமிழில் செய்தது. வசிட்டர் சொல்ல இராமன் கேட்கிறான். முன்னவர் கதைசொல்லி, பின்னவன் கதைகேட்பவன். இருவரும் பிரதிக்குள் இருப்பவர்கள். எழுதிய ஆளவந்தாரும் வாசிக்கும் நாமும் வெளியே. இந்த நாலு பேரையும் போட்டுக் குழப்புவதால்தான் 'நான்' என்று வரும் கதையெல்லாம் எழுத்தாளனின் சொந்தக் கதையாகிப் போகிறது.

அதில் வரும் இலவணன் கதையைப் பார்ப்போம். இந்திரசாலக்காரன் மயிற்பீலியை அசைக்க, அரசன் சபையில் அசைவற்றுப் போகிறான். விழித்ததும் சொல்கிறான்: குதிரை காட்டுக்கு இழுத்துப்போனது, பசிக்குச் சோறு தந்த தீண்டாக்குலப் பெண்ணை மணந்தான், பிள்ளைகள் பிறந்தார்கள், பஞ்சம் வந்தது, தீயில் விழத் துணிந்தான்.

நிகழ்ச்சிகள் நடந்த வரிசை கதை. பிரதி அவற்றை அடுக்கித் தரும் வரிசை கதைப்பின்னல். ரஷ்ய உருவவாதிகள் 1920களில் வற்புறுத்திய வேறுபாடு இது. இங்கே சபை கண்டது முன்னால் வருகிறது, அரசன் கண்டது பின்னால். அதனால் நாமும் சபையோடு உட்கார்ந்து திகைக்கிறோம். காலமும் அப்படித்தான்: சபையில் சிறுபொழுது, காட்டில் பல்லாண்டு.

சொல்பவர் யார், பார்ப்பவர் யார் என்பவை வேறுவேறு கேள்விகள் என்றார் ழெரார் ஜெனெத், 1972இல். பின்னதே நோக்குநிலை. காட்டு வாழ்க்கையைச் சொல்பவனும் பார்ப்பவனும் அரசனே. அவனுக்கு அது இழிவு, விழித்தபின் மாயை. சோறு போட்டவளுக்கு?

வடமொழி நூலில் அரசன் மறுபடி அந்த இடத்தைத் தேடிப் போகிறான். மகளையும் மருமகனையும் பஞ்சத்தில் இழந்து அழும் கிழவி ஒருத்தி நிஜமாகவே அங்கே இருக்கிறாள். நோக்குநிலை ஒரு கணம் அவள் பக்கம் நழுவுகிறது. வேதாந்தமோ அந்த அழுகையையும் மனத்தின் விளையாட்டுக்கு உதாரணமாக்கி நகர்ந்துவிடுகிறது.

இதையே கிழவி வாயால் சொல்லிப் பாருங்கள். மயிற்பீலி கிடையாது, சபை கிடையாது. பசியோடு வந்தான் ஒருத்தன், மகள் கட்டிக்கிட்டாள், பஞ்சத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். காட்டில் நடந்தது எதுவும் மாறவில்லை; மாயை என்ற சொல்லுக்குத்தான் இடமில்லாமல் போகிறது. கலைச்சொற்களால் ஆகிற காரியம் இது. எழுத உட்காருகிறவர் தம் கதையில் பார்க்கிற உரிமையை யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம் என்று ஒருதரம் எண்ணிப் பார்க்கட்டும்.