மெர்டேக்கா அரங்கில் தாத்தா யார் பக்கம்?

மலேசியாவும் இந்தியாவும் ஹாக்கித் திடலில் மோதும்போதெல்லாம் நம்மவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கும். "நீங்க எந்தப் பக்கம்?" வேலையிடத்தில் மலாய் நண்பர் சிரித்துக்கொண்டே கேட்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர் கொஞ்சம் உரிமையோடு கேட்பார். இன்றைய பிள்ளைகளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மலேசியாவின் மஞ்சள் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். 1975-இல், செந்தூல் ரயில்வே குடியிருப்பில், அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் இருந்தது. எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில்கள் இருந்தன.

அந்த ஆண்டு மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. 12 நாடுகள், இரண்டு பிரிவுகள். அதற்கு முன் பார்சிலோனாவிலும் ஆம்ஸ்டெல்வீனிலும் நடந்த போட்டி, நம் ஊருக்கு வந்துவிட்டது என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி. எனக்கு அப்போது 12 வயது. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டறைத் திடலில் மாலையானால் மட்டையோடு இறங்கும் ஆட்களில் பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேர் சீக்கியர்களும் மற்றவர்களும். காற்பந்து எல்லாருக்கும் பொது. ஹாக்கி மட்டும் எங்கள் சொந்தச் சரக்கு போலத் தோன்றும். சொந்த மட்டை வாங்க வசதியில்லாத பையன்கள் வளைந்த மரக்கிளையைச் சீவி வைத்திருப்போம். கையில் கொப்புளம் வந்தால் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வோம்.

நம் அணியைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். கோல் காவலர் கைருடின் சைனால். முன்னால் பூன் ஃபூக் லோக், மகேந்திரன். பின்னால் பாலசிங்கம். மே 13 நடந்து ஆறு ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. இருட்டியபின் எந்தத் தெருவுக்குள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்று பெரியவர்கள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெயர்களை வானொலியில் ஒரே மூச்சில் வரிசையாகச் சொல்லிக் கேட்பது எங்களுக்கெல்லாம் ஏதோ ஆறுதலாக இருந்தது. அன்று அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நடப்பு வெற்றியாளரான ஹாலந்தை மலேசியா 2-1 என்று வீழ்த்தி அரையிறுதிக்கு வந்தது. மறுநாளே அப்பா ஓவர்டைம் காசை எடுத்துக்கொண்டுபோய் இறுதியாட்டத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். அரையிறுதி இன்னும் நடக்கவில்லை. அம்மா திட்டித் தீர்த்தார். "ஃபைனல்ல மலேசியாதான். இப்ப வாங்காட்டி அப்புறம் கிடைக்காது" என்றார் அப்பா. மூன்றாவது டிக்கெட் தாத்தாவுக்கு.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து 19 வயதில் கப்பலேறி வந்தவர். ரயில் பாதை போடும் கூட்டத்தில் சேர்ந்து, தண்டவாளத்தோடு தண்டவாளமாக இந்த நாட்டில் பாதியைக் கால்நடையாகப் பார்த்தவர். 1957 ஆகஸ்டு 31 காலையில் மெர்டேக்கா அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று "மெர்டேக்கா" என்று தானும் கத்தியதை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஆனால் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டார். சந்தையில் மீன்காரரோடு மலாயில் மணிக்கணக்காகப் பேரம் பேசுகிற மனிதர், அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றாவது முறை போகவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, அவருடைய கூட்டாளிகள் பலர் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பினார்கள். தாத்தா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டதால் தப்பித்தார். 1981-இல் கண்மூடும்வரை அந்தச் சிவப்பு அட்டைதான்.

அரையிறுதியில் இந்தியாவோடு மோதல் என்று தெரிந்ததும் குடியிருப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. இங்கே பிறந்த பட்டறை அண்ணன்மார்கள் எல்லாம் மலேசியா. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் பலர் இந்தியா, ஆனால் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். "பொண்ணு கொடுத்த வீடும் பொண்ணு எடுத்த வீடும் அடிச்சிக்கிட்டா நாம எங்கே போய் நிக்கிறது?" என்றார் பாட்டி. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இந்திய அணியிலும் சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார், பெயர் பிலிப்ஸ், வலது ஓரத்தில் ஆடுகிறவர் என்று நான் செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று எங்கள் வீட்டு வராந்தாவில் வானொலியைச் சுற்றி இருபது பேராவது இருப்பார்கள். வர்ணனை மலாயில். வேகம் கூடும்போது பெரியவர்களுக்குப் பிடிபடாது. நான்தான் மொழிபெயர்ப்பாளன். மலேசியா 2-1 என்று முந்தியது. தாத்தா எழுந்து உள்ளே போனார். கோபம் என்று நினைத்தேன். தேத்தண்ணீர்ப் பானையோடு திரும்பி வந்து, யாரும் கேட்காமலே எல்லார் குவளையிலும் ஊற்ற ஆரம்பித்தார். அவருக்கு அது வழக்கமில்லை. அந்த வீட்டில் தாத்தா யாருக்கும் எதையும் ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

முடிய ஐந்தே நிமிடம். இந்தியாவுக்கு பெனால்டி கார்னர். மைக்கேல் கிண்டோவுக்குப் பதிலாக இறங்கியிருந்த அஸ்லாம் ஷேர் கான் அடித்தார். 2-2. கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் அந்தப் பந்தை அடித்தார் என்பதைப் பிற்பாடு எங்கோ படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வர்ணனையாளரின் குரல் சட்டென்று இறங்கியது மட்டும்தான். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இரண்டு தடவை கை தட்டினார். மூன்றாவது தட்டுக்குத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் கோல் போட்டார். 3-2. யாரும் எழுந்திருக்கவில்லை. வானொலியில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கி, யாரோ பாட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 4-0. மனம் விட்டுப்போன அணி அப்படித்தான் ஆடும் என்று அப்பா சொன்னார். ஆனாலும் அந்த நான்காம் இடம்தான் உலகக் கிண்ணத்தில் நம் நாடு தொட்ட உச்சம். அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்துவிட்டது. புல்லில் ஆடிப் பழகிய நாடுகள் சில அதற்குப் பழகத் திணறின. ரயில்வே திடலும் பள்ளித் திடலும் இருந்தால் போதும், ஓர் ஆட்டக்காரன் உருவாகலாம் என்ற காலம் அத்தோடு போயிற்று என்பது என் எண்ணம். பாகிஸ்தான்காரர்களும் இந்தியர்களும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் போதிய அளவு எழுதப்படவில்லை.

மூன்று டிக்கெட்டுகளும் அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் கிடந்தன. விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். வாங்க ஆளும் இருந்தார்கள், இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும் இறுதியாட்டம் ஆயிற்றே. தாத்தாதான், "வாங்கியாச்சு, போவோம்" என்றார்.

மார்ச் 15. மெர்டேக்கா அரங்கின் படிக்கட்டுகளில் தாத்தா மெதுவாக ஏறினார். பாதியில் நின்று, 1957-இல் தான் எங்கே நின்றேன் என்று விரலால் காட்ட முயன்றார். கூட்டம் தள்ளிக்கொண்டு போனதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்பாவோடு பட்டறையில் வேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். நான் அவரை 'பாக்சிக்' என்று கூப்பிடுவேன். அவர் பாகிஸ்தான் பக்கம். அதை ஒளிக்கவும் இல்லை. கச்சான் பொட்டலத்தைப் பிரித்து முதலில் தாத்தாவிடம் நீட்டினார்.

எங்கள் இருக்கை ஒரு கோல் கம்பத்துக்கு அருகில் இருந்தது. சோதனை பாருங்கள், முக்கியமான கோல் விழுந்தது மறுகோடியில். 17-ஆவது நிமிடத்தில் ஜாஹிட் ஷேக் பாகிஸ்தானுக்கு முதல் கோலைப் போட்டார். பாக்சிக் எழுந்து நின்று குதித்தார். இடைவேளைக்குப் பிறகு 44-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். இப்போது எங்களுக்குப் பின்வரிசையிலிருந்த சீக்கியக் குடும்பம் முழுவதும் எழுந்தது. அப்பாவும் எழுந்தார். நானும் எழுந்தேன். மூன்று நாளாக இந்தியாமீது இருந்த கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. தாத்தா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். முன்னால் நின்றவர்களின் இடுப்பிடுக்கில் தலையை நீட்டித் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

51-ஆவது நிமிடம். அசோக் குமார், ஹாக்கி மேதை தியான் சந்தின் மகன், வளைவுக்குள் புகுந்து அடித்தார். பந்து கம்பத்தில் பட்டதா, உள்ளே போய்த் தெறித்து வெளியே வந்ததா என்று கண் இமைப்பதற்குள் அது மறுபடி திடலில் உருண்டது. விசில் சத்தம். நடுவர் விஜயநாதன், நம் நாட்டுக்காரர், மையக்கோட்டைக் காட்டினார். கோல். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கையை ஆட்டினார்கள், கம்பத்தைக் காட்டினார்கள். அவர் அசையவில்லை. எனக்கு ஆட்டத்தைவிட அந்த மனிதர் நின்ற நிலைதான் இன்றும் கண்ணில் இருக்கிறது. உலகத்தின் பெரிய ஆட்டம், இரண்டு பெரிய நாடுகள், இடையில் மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெயர்.

இந்தியா 2-1. உலகக் கிண்ணத்தை இந்தியா வென்றது அந்த ஒரு தடவைதான். அஜித் பால் சிங் கிண்ணத்தைத் தூக்கியபோது அரங்கில் பாதி ஆரவாரமாகவும் பாதி அமைதியாகவும் இருந்தது.

வரும் வழியில் பஸ்ஸில் அப்பாவுக்கும் பாக்சிக்குக்கும் பெரிய வாக்குவாதம். "பந்து உள்ளே போகவே இல்லை, கம்பத்தில் பட்டது" என்றார் பாக்சிக். "உள்ளே போய்த்தான் வந்தது" என்றார் அப்பா. இருவருமே மறுகோடியிலிருந்து பார்த்தவர்கள். இரண்டு பேரும் தாத்தாவைப் பார்த்தார்கள். "விஜயநாதன் கை காட்டிட்டாரு. அப்புறம் என்ன?" என்றார் தாத்தா. பாக்சிக் சிரித்துவிட்டார். அந்த வாக்குவாதம் பட்டறையில் அடுத்த பல மாதங்கள் ஓடியது என்பது வேறு கதை.

வீட்டுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. பாட்டி வாசலிலேயே காத்திருந்தார்.

"யாரு ஜெயிச்சா?"

"இந்தியா."

"நம்ம ஆளுங்க?"

தாத்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நாலாவது" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.