தலை கொண்ட கதை: சொல்வதும் காட்டுவதும்

'பொன்னியின் செல்வன்' படமாக வந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாவலில் இருப்பது படத்தில் இருக்கிறதா, இல்லையா? இந்தக் கணக்குப் பார்ப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. ஒரு போர்க்கதை நாவலிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து திரைக்கும் போகும்போது, போரைப் பற்றிப் பேசும் உரிமை யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய இந்நாவலை யாரும் போர் நாவல் என்று சொல்வதில்லை. ஆனால் ஐந்து பாகங்களையும் நகர்த்துவது போரின் முடிவில் நடந்த ஒரு கொலைதான். தோற்று, காயம்பட்டு, குடிசையில் கிடந்த வீரபாண்டியனின் தலையை ஆதித்த கரிகாலன் வெட்டினான். நந்தினி உயிர்ப்பிச்சை கேட்டும் விடவில்லை. இதைக் கல்கி நேரடிக் காட்சியாக எழுதவில்லை. பின்னாளில் மாமல்லபுரத்தில் பார்த்திபேந்திரனிடம் கரிகாலனே சொல்கிறான். அது வீரப்பிரதாபம் அல்ல, வென்றவனின் வாக்குமூலம். சொல்லச் சொல்ல அவனே உடைந்துபோகிறான்.

மேஜிக் லாண்டர்ன் குழு 1999இல் இதை நாடகமாக்கியது; எழுத்துருவாக்கம் குமரவேல். மேடைக்குள் ஒரு படையைக் கொண்டுவர முடியாது. இதைக் குறை என்கிறார்கள். நான் பலம் என்பேன். நாடகத்தில் ஒருத்தன் நின்று சொல்கிறான், குடிசையையும் ரத்தத்தையும் நாமே மனசுக்குள் கட்டிக்கொள்கிறோம். அப்படிக் கட்டிக்கொள்ளும்போது அந்தக் கொலையில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

மணிரத்னத்தின் படம் 2022, 2023இல் இரண்டு பாகங்களாக வந்தது. திரைக்கதையில் அதே குமரவேலும் இருக்கிறார். ஆக, மாறியது ஆள் அல்ல, ஊடகம். நாவல் ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. படமோ ராஷ்டிரகூடர்களுடனான போரில் தொடங்குகிறது. கோடிகளைக் கொட்டிய சினிமா படையைக் காட்டித்தானே ஆகணும்? கரிகாலன் படத்திலும் சொல்கிறான். ஆனால் அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேமரா அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. ஒருவன் சொல்வதைச் சந்தேகிக்கலாம். கண்ணால் பார்த்ததை யார் சந்தேகிப்பார்கள்? வாக்குமூலம் இங்கே சாட்சியமாகிவிடுகிறது.

அதற்காக நாவல் நியாயமானது என்று சொல்ல வரவில்லை. எங்கள் கடலூர் மாவட்டத்தின் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரை அது சொல்கிறது. அவர்களின் உறவினர் சொத்தும் பறிபோகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராயன் என்று பட்டம். அதாவது அரச அதிகாரத்தில் இருந்த பிராமணன். நாவலில் அவன் மந்திரவாதி. பரமேஸ்வரன் வெறியாட்டம் ஆடும் தேவராளன். பட்டம் பெற்றவர்களின் அரசியல் கொலை, மாந்திரீகக்காரர்களின் சதியாகக் கைமாறிவிட்டது. இந்த இடமாற்றத்தை நாடகத்திலோ படத்திலோ தேடுபவர்கள் முதலில் நாவலிலேயே தேடவேண்டும்.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகப் படுத்துக் கிடப்பான். பாண்டவர் பக்கம் நின்று விரதம் இருந்த ஊர்தான் அவனுக்கும் ஒப்பாரி வைக்கும். தோற்றவனுக்காக அழுவதற்குக் கூத்து ஒரு பொழுதையே ஒதுக்கியிருக்கிறது. சினிமாவின் போர்க்களத்தில் செத்துவிழும் ராஷ்டிரகூடச் சிப்பாய்க்கு அப்படி ஒரு நொடிகூட இல்லை.

ஈழப்போரை இன்று எழுதுகிற, மேடையேற்றுகிற, படமெடுக்கிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல முடியும். மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோமா என்பது அப்புறம். செத்தவனுக்கு யார் அழுகிறார்கள், அந்த அழுகைக்கு உங்கள் வடிவத்தில் எத்தனை நிமிஷம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.